ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம்? மாணவர் எண்ணிக்கை, பணியிட நிர்ணயம், நிதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பள்ளிக் கல்வியில் ஆசிரியர் பணியிடம், மானியம், சீருடை, சத்துணவு அரிசி என எதைத் தொட்டாலும் அது கடைசியில் மாணவர் எண்ணிக்கையில்தான் போய் நிற்கிறது. அந்த எண்ணை யார் எடுக்கிறார்கள், எந்தத் தேதியில் எடுக்கிறார்கள், எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏன் கணக்கு ஆசிரியர் வரவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிடும். தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், பெற்றோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது.

நாட்டில் மொத்தம் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள்?

நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரங்களையும் ஆண்டுதோறும் திரட்டும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளத்தின் 2024-25 அறிக்கைப்படி 14.71 லட்சம் பள்ளிகள், 24.69 கோடி மாணவர்கள், 1.01 கோடி ஆசிரியர்கள். ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது அந்த ஆண்டில்தான். இதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரே ஒரு ஆசிரியரோடு நடக்கும் பள்ளிகள் 1,04,125. ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 7,993. அவற்றில் பணியில் இருப்பதாகக் காட்டப்படும் ஆசிரியர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். ஒரு கோடி ஆசிரியர்கள் என்று பெருமைப்படும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பற்றாக்குறையைப் போலவே, இருக்கும் ஆசிரியர்கள் தேவையான இடத்தில் இல்லாததும் பெரிய சிக்கல்.

2021-22இல் 26.52 கோடி மாணவர்கள் இருந்தார்களே. சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பேர் எங்கே போனார்கள்?

அத்தனை பேரும் படிப்பை விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021-22 வரை ஒவ்வொரு பள்ளியும் ‘மூன்றாம் வகுப்பில் ஆண் 14, பெண் 11’ என்று மொத்த எண்ணிக்கையாகத் தந்தது. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயருடன் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று ஆனது. ஒரே குழந்தை அரசுப் பள்ளியிலும் பக்கத்துத் தனியார் பள்ளியிலும் இருமுறை எண்ணப்பட்டது, பெயரளவில் மட்டும் பதிவேட்டில் இருந்தது எல்லாம் அப்போது கழிந்தன. அந்த ஆண்டே எண்ணிக்கை 25.18 கோடிக்கு இறங்கியது, 2023-24இல் 24.80 கோடி. முறை மாறியதால் பழைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அமைச்சகமே சொல்கிறது.

பிறப்பு விகிதம் குறைந்து வருவதும் உண்மை. தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் முதல் வகுப்புச் சேர்க்கையில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் எத்தனை பங்கு பிறப்புக் குறைவால், எத்தனை பங்கு போலிப் பதிவு நீங்கியதால், எத்தனை பங்கு உண்மையான இடைநிற்றலால் என்று இந்த ஒரு அறிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது. சேர்க்கை விகிதத்தைக் கணக்கிட வயதுவாரி மக்கள்தொகை வேண்டும். அதற்குக் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பிலிருந்து முன்கணித்த எண்தான். விகிதத்தின் கீழ்ப்பகுதியே உத்தேசம் என்பதால், ஓரிரு சதவீத ஏற்ற இறக்கத்தை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

யூடைஸ் எண் என்றால் என்ன?

ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு ஒன்றியம், பின் மூன்று கிராமம் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. மாணவருக்குத் தனியாக ‘பென்’ எனப்படும் நிரந்தரக் கல்வி எண் உண்டு. தமிழ்நாட்டில் மாநில அரசின் எமிஸ் தளத்தில் தனி எமிஸ் எண்ணும் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது இந்த எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதிய பள்ளி உங்கள் குழந்தையைத் தளத்தில் தேடி எடுக்கத் திண்டாடும்.

பள்ளியில் உட்கார்ந்து படிக்கும் குழந்தை கணக்கில் மட்டும் வராமல் போவது எப்படி?

நான்கு இடங்களில் பிசகுகிறது.

பழைய பள்ளி மாணவரை விடுவிக்காமல் இருப்பதுதான் அடிக்கடி நடப்பது. மாணவர் வேறு பள்ளிக்குப் போனால் பழைய பள்ளி எமிஸில் அவரைக் காமன் பூலுக்கும், யூடைஸ் பிளஸ்ஸில் டிராப் பாக்ஸுக்கும் அனுப்ப வேண்டும் (இரண்டுமே பள்ளி மாறும் மாணவரின் பெயர் காத்திருக்கும் இடைப்பட்ட பட்டியல்கள்). புதிய பள்ளி அங்கிருந்துதான் எடுக்க முடியும். கட்டண பாக்கியைக் காரணம் காட்டிச் சில தனியார் பள்ளிகள் விடுவிக்காமல் இழுத்தடிக்கின்றன. புதிய பள்ளி பொறுமையிழந்து அதே குழந்தையைப் புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவாகித் தள்ளுபடி ஆகும். இப்படிச் சிக்கினால் எழுத்து மூலம் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். வட்டார அளவிலேயே விடுவிக்க வழி உண்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது.

இரண்டாவது, பெயர்ப் பொருத்தமின்மை. ஆதாரில் ‘கவின் முருகேசன்’, பள்ளிப் பதிவேட்டில் ‘மு. கவின்’. தந்தை பெயரை முன்னெழுத்தாக எழுதும் நம் வழக்கத்துக்கும் கணினிப் படிவத்துக்கும் ஒத்துப்போவதில்லை. அபார் எனப்படும் மாணவருக்கான தேசிய அடையாள எண்ணை உருவாக்கும்போது பெரும்பாலும் இங்கேதான் முட்டுகிறது. பள்ளிப் பதிவேட்டை மாற்றுவதா, ஆதாரைத் திருத்துவதா என்பதைப் பிறப்புச் சான்றிதழை வைத்து முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போவதே பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை தொல்லையில்லாமல் இருக்கும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுத்தால் அது தவறு.

மூன்றாவது, வகுப்பு உயர்வு. ஆண்டுத் தொடக்கத்தில் முந்தைய ஆண்டு மாணவர்களை அடுத்த வகுப்புக்கு நகர்த்தும் வேலையை முடித்த பிறகுதான் புதுச் சேர்க்கையைப் பதிய முடியும். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களை நகர்த்தாமல் விட்டால் நடுநிலைப் பள்ளி அவர்களை எடுக்க முடியாது.

நான்காவது, பருவகால இடப்பெயர்வு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கெடுக்கும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை. திரும்பி வரும்போது பள்ளியில் இடம் உண்டு. ஆனால் அந்த ஆண்டின் எண்ணிக்கையில் இல்லை. இதற்கு எந்தக் கணினித் தளமும் இன்னும் ஒழுங்கான தீர்வு தரவில்லை. கணக்கில் விடுபட்டால் அதிகம் இழப்பது இந்தக் குழந்தைகள்தான்.

எந்தத் தேதியின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள்?

யூடைஸ் அறிக்கைக்கு வழக்கமாக செப்டம்பர் 30. தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1. ஆகவே அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவெடுத்துவிட்டால் ஜூலைக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் தேதி சேரும் குழந்தைக்குப் பாடப்புத்தகம் கிடைத்துவிடும்; அந்த ஆண்டின் பணியிடக் கணக்கில் அவர் இருக்க மாட்டார்.

தொடக்கப் பள்ளியில் எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இதைச் சொல்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை:

60 மாணவர் வரை 2 ஆசிரியர்
61 முதல் 90 வரை 3
91 முதல் 120 வரை 4
121 முதல் 200 வரை 5
150ஐத் தாண்டினால் 5 ஆசிரியருடன் ஒரு தலைமையாசிரியர்
200ஐத் தாண்டினால், தலைமையாசிரியரை விட்டுவிட்டு, ஓர் ஆசிரியருக்கு 40 மாணவருக்கு மேல் போகக் கூடாது

60க்கும் 61க்கும் நடுவே ஒரே ஒரு குழந்தைதான். ஆனால் ஒரு முழுப் பணியிடம் அதில் தொங்குகிறது. ஒரு ஆசிரியர் மட்டும் இருந்தால் போதும் என்று இந்த அட்டவணையில் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐந்தே மாணவர் இருந்தாலும் சட்டப்படி இரண்டு ஆசிரியர். மேலே சொன்ன ஓராசிரியர் பள்ளிகளில் சுமார் 34 லட்சம் குழந்தைகள் படிக்கிறார்கள். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த நிலை தொடர்வதை ஏற்கவே முடியாது.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் இன்னொரு நெருக்கடி. இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, ஒன்றியக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அவர் வெளியே போகும் நாளில், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

6 முதல் 8ஆம் வகுப்புக்கு?

35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் குறைந்தது ஒருவர் வீதம். 100 மாணவரைத் தாண்டினால் முழுநேரத் தலைமையாசிரியர். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள். தமிழ்நாட்டில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் இந்தப் பிரிவின்படி வந்தவர்களே.

இந்த அளவு நடைமுறைக்குப் போதுமா என்று ஒரு காலஅட்டவணையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 8 பாடவேளை, வாரம் 5 நாள் என்றால் ஒரு வகுப்புக்கு 40 பாடவேளை. மூன்று வகுப்புக்கு 120. மூன்று ஆசிரியர் என்றால் ஆளுக்கு 40. அதாவது ஒரு நிமிடம்கூட ஓய்வு வேளை கிடையாது. நோட்டுத் திருத்த, மெல்லக் கற்கும் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க நேரமே இல்லை. கணிதமும் அறிவியலும் ஒரே ஆள். தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதையே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு நான்காவது பணியிடத்தை மறுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

எங்கள் மாவட்ட ஆசிரியர்–மாணவர் விகிதம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பிறகேன் வகுப்பில் ஆசிரியர் இல்லை?

சராசரி மறைத்துவிடுகிறது. கற்பனையாக இரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 12 மாணவர், 2 ஆசிரியர். இன்னொன்றில் 160 மாணவர், 4 ஆசிரியர். கூட்டினால் 172 மாணவருக்கு 6 ஆசிரியர். விகிதம் 29க்குக் கீழே. தாளில் அருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது பள்ளிக்குச் சட்டப்படி 5 ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும் வேண்டும். அங்கே இரண்டு பேர் குறைவு.

2024-25இல் தேசிய அளவில் இந்த விகிதம் மழலை வகுப்புகளோடு 2ஆம் வகுப்பு வரை 10, 3 முதல் 5 வரை 13, 6 முதல் 8 வரை 17, 9 முதல் 12 வரை 21. நல்ல எண்கள்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை சதவீதப் பள்ளிகள் அட்டவணைப்படி ஆசிரியர் பெற்றிருக்கின்றன? சட்டத்தின் 25ஆவது பிரிவு, விகிதம் ‘ஒவ்வொரு பள்ளியிலும்’ பேணப்பட வேண்டும் என்கிறது. மாவட்ட சராசரி அதற்குப் பதிலாகாது.

மேல்நிலையில் பாடவாரியாகப் பார்க்காவிட்டால் அர்த்தமே இல்லை. ஒரு பள்ளியில் மூன்று தமிழாசிரியர் இருந்து இயற்பியலுக்கு யாருமில்லை என்றாலும் விகிதம் அழகாகவே வரும்.

உபரி ஆசிரியர், பணிநிரவல் என்றால்?

ஆகஸ்ட் 1 எண்ணிக்கைப்படி ஒரு பள்ளிக்கு அனுமதிக்கத்தக்க பணியிடத்தைவிடக் கூடுதலாக இருப்பவர் உபரி. அவரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவது பணிநிரவல். பொதுவாக அந்தப் பாடத்தில் பணியில் இளையவர்தான் மாற்றப்படுவார். பணிநிரவல் அவசியம்தான், மேலே சொன்ன 12 மாணவர், 160 மாணவர் நிலைமையைச் சரிசெய்ய வேறு வழியில்லை. சிக்கல் எங்கே என்றால், எண்ணிக்கை குறைந்ததும் உபரி காட்டுவது உடனே நடக்கிறது. எண்ணிக்கை கூடியதும் கூடுதல் பணியிடம் அனுமதிக்க நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆசிரியர் போனதும் பெற்றோர் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள்; மறு ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

காலிப் பணியிடம் எவ்வளவு வரை இருக்கலாம்?

26ஆவது பிரிவின்படி அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதிலும் ஓட்டை உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தையே பழைய எண்ணில் வைத்திருந்தால் காலியிட சதவீதம் குறைவாகத் தெரியும். ஆகவே இரண்டு எண்களைக் கேளுங்கள்: இப்போதைய மாணவர் எண்ணிக்கைப்படி தேவையான பணியிடம் எத்தனை, அனுமதிக்கப்பட்டது எத்தனை.

ஆசிரியர் தகுதித் தேர்வு பணியில் இருப்பவர்களுக்கும் உண்டா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் இந்தத் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம்; பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பலாமா?

பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும். 27ஆவது பிரிவு. மற்றவற்றுக்கு அனுப்பினால் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானமாகவே எழுதி எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

பள்ளிக்குப் பணம் யார் தருகிறார்கள்?

பெரும்பகுதி மாநில அரசு. 1976இன் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனாலும், சம்பளச் செலவு மாநிலங்களிடமே நிற்கிறது. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். அதே ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு ஒதுக்கியது 41,250 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் சுமை எவ்வளவு என்பது விளங்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று 1964-66 கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொல்கிறது. நாடு இன்னும் அந்த அளவை எட்டவில்லை.

சமக்ர சிக்ஷா நிதி எப்படி வருகிறது? தமிழ்நாட்டுக்கு ஏன் நின்றது?

2018-19இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் மூன்றையும் இணைத்து உருவானது இது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய–மாநிலப் பங்கு 60:40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. மாநிலம் ஆண்டுத் திட்டத்தைத் தயாரித்து அனுப்புகிறது, தில்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் ஒவ்வொரு இனமாகப் பார்த்து அனுமதிக்கிறது, பணம் தவணையாக வருகிறது. திட்டம் போடக் கையில் இருப்பது முந்தைய ஆண்டின் யூடைஸ் எண்ணிக்கை. ஆகவே இந்த ஜூனில் சேரும் குழந்தைக்கான பணம் பெரும்பாலும் அடுத்த நிதியாண்டில்தான் கணக்கில் ஏறும். வேகமாக வளரும் புறநகர்ப் பள்ளிகள் எப்போதும் ஓராண்டு பின்தங்கியே பணம் பெறுவதற்கு இதுவே காரணம்.

2024-25க்குத் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ எனும் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததே காரணம். அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்கச் சொல்கிறது என்பது மாநிலத்தின் மறுப்பு. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டுக்கான ஈட்டுத்தொகையும் இதே வழியாக வருவதால், 2025-26இல் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. கொள்கைச் சண்டையில் எந்த அரசு சரி என்பது தனி விவாதம். சட்டப்படி குழந்தைக்கு உரிய பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்தோடு பிணைத்தது தவறு என்பதே எங்கள் கருத்து.

பள்ளிக்கு நேரடியாக வரும் மானியம் எவ்வளவு?

ஒருங்கிணைந்த பள்ளி மானியம், ஆண்டுக்கு:

30 மாணவர் வரை 10,000 ரூபாய்
31 முதல் 100 வரை 25,000
101 முதல் 250 வரை 50,000
251 முதல் 1,000 வரை 75,000
1,000க்கு மேல் 1,00,000

இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. 28 மாணவர் உள்ள பள்ளிக்கு மாதம் 833 ரூபாய் வருகிறது; சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய் பழுது, பதிவேடு எல்லாம் அதற்குள். அதுவும் கல்வியாண்டின் கடைசியில் வந்து, மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று தரச் சொல்வதுண்டு. அப்படி நேர்ந்தால் ஆண்டு முழுவதும் தலைமையாசிரியர் கைக்காசு போட்டதற்கான ரசீதுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் மாதவாரியாகப் பதிந்து வைத்திருந்தால் மட்டுமே தணிக்கையில் தப்பிக்க முடியும்.

இது தவிர நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி மானியம் உண்டு. விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000. மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்குத் தலைக்கு 3,500 ரூபாய் வரை. இது கிடைக்க அந்தக் குழந்தையின் குறைபாட்டு வகை தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெற்றோர் நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சத்துணவுக்கும் இதே எண்ணிக்கையா?

இல்லை. அதற்கு அன்றாடம் சாப்பிட்டவர் எண்ணிக்கை. மத்தியத் திட்டத்தில் 8ஆம் வகுப்பு வரை. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 6 முதல் 8 வரை 150 கிராம். காய்கறி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றுக்கான தொகை 2025 மே 1 முதல் தலைக்கு ஒரு நாளுக்கு முறையே 6.78 ரூபாய், 10.17 ரூபாய். தமிழ்நாடு தன் செலவில் 10ஆம் வகுப்பு வரை நீட்டி, முட்டையும் தருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் முழுக்க மாநில நிதி. பதிவேட்டில் 80 பேர், தினமும் சாப்பிடுவோர் 45 பேர் என்றால் ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அந்த இடைவெளியைத்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொடுத்து அறிக்கை அட்டையைப் பாருங்கள். மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை இருக்கும். பூட்டிக் கிடக்கும் கழிப்பறை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று பதிவாகியிருந்தால் பழுது நிதி ஒருபோதும் வராது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜூலைக் கூட்டத்தில் வகுப்புவாரிப் பதிவேட்டையும் தளத்தில் உள்ள எண்ணிக்கையையும் ஒத்துப்பார்த்து, வித்தியாசம் இருந்தால் ஆகஸ்ட் 1க்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

ஆசிரியர் குறைவு என்றால் தீர்மானத்தில் ‘ஆசிரியர் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். மாணவர் எண்ணிக்கை, அட்டவணைப்படி தேவை, அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணியில் இருப்போர், எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து காலி என்று ஆறு விவரமும் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. ‘இப்பள்ளிக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையின் அடிப்படையில் செய்யப்பட்ட பணியாளர் நிர்ணய உத்தரவின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த உத்தரவு கைக்கு வந்தால், பணியிடமே அனுமதிக்கப்படவில்லையா, அனுமதித்தும் ஆள் போடவில்லையா என்பது தெரிந்துவிடும். முதலாவதற்குத் துறை இயக்ககத்தையும், இரண்டாவதற்கு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரையும் அணுக வேண்டும்.